வெள்ளிக்கிழமை வரை

கிழக்கேகோட்டை, திருவனந்தபுரம்,
1937 ஆவணி, சனிக்கிழமை.

மகா-ள-ஸ்ரீ அத்தான் அழகியநம்பி பிள்ளை அவர்களுக்குத் தாணுலிங்கம் அநேக நமஸ்காரம். இங்கே நானும் உங்கள் தங்கை பொன்னம்மையும் உயிரோடு சுகம். நாகர்கோவிலில் தாங்கள் எல்லோரும் அதைவிடச் சுகமென்று நம்புகிறேன். மகள் மங்கலத்துக்குத் தாங்கள் பார்த்துக் கொடுத்த தென்காசிச் சம்பந்தம் முந்தாநாள் முறிந்தது. தாய்மாமன் என்று சொல்லி லீவு போட்டுப் புறப்பட வேண்டாம்.

மாப்பிள்ளையின் தகப்பனார் குற்றாலலிங்கம் பிள்ளை கோர்ட்டு உத்தியோகம் பார்த்தவர், பையன் சிவசைலமோ ஹைஸ்கூலில் இங்கிலீஷ் கற்பிக்கிறவன் என்பதால், பெண் பார்க்க வரச் சொல்லி இங்கிலீஷிலேயே எழுதினேன். வெள்ளிக்கிழமைக்குள் வந்துசேர வேண்டும் என்ற கருத்தில், ‘கைண்ட்லி பி வித் அஸ் அன்டில் ஃபிரைடே’ என்று முடித்தேன். மங்கலம் எட்டிப் பார்த்து, "அப்பா, அன்டில் வேண்டாம், ‘பை’ என்று போட்டால் மதி, அதுதான் சரி" என்றாள். சர்க்கார் கச்சேரியில் இத்தனை வருஷம் இங்கிலீஷில் குப்பை கொட்டினவனுக்குப் பாடமா? "பை சின்னச் சொல், சம்பந்தி வீட்டுக்கு மரியாதை போதாது" என்று ஒட்டி அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமையே செங்கோட்டை ரயிலில் வந்து இறங்கினார்கள், அத்தான். மாப்பிள்ளை, தகப்பனார், தாயார், இரண்டு அத்தைமார். பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்தது என்றார்கள், சாயங்காலம் கிளம்புவார்கள் என்று பார்த்தால் கிழவர் கொடியில் வேட்டி உலர்த்துகிறார். செவ்வாய் கோவில், புதன் சங்குமுகம் கடற்கரை. நான் கூடத்தில் தூணோடு தூணாகப் படுத்தேன். பொன்னம்மை அரைத்து அரைத்துக் கை வீங்கி, "இவங்க எப்பம்தான் போவாங்க?" என்று அடுக்களையில் அழுகிறாள். மாப்பிள்ளையோ ஒரு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அந்த அடுக்களை வாசலிலேயே இருக்கிறான், பக்கம் புரளவே இல்லை. எதற்கும் வாய் திறக்கும் மங்கலமும் ஊமையாகிவிட்டாள்.

வியாழக்கிழமை பொறுக்கமாட்டாமல், "ஊரில் வேலை கெடுமே?" என்று ஜாடையாகக் கேட்டேன். கிழவர் சிவந்துபோய், "என்னவே, வெள்ளிக்கிழமை வரை இரும்னு நீரே எழுதிட்டு இப்ப வெரட்டுதீரா? எனக்கு வயல்ல உழவு கெடக்கு. உம்ம மனசு நோகக் கூடாதேன்னுல்லா இருந்தோம்!" என்றார். அன்டில் என்றால் ‘வரை’ அல்ல, ‘க்குள்’ என்று விளக்கினேன். "இங்கிலீஷ் தெரியாத வீட்டுல எம்மவன் பொண்ணு எடுக்க மாட்டான்" என்றார். இங்கிலீஷ் தெரியாத வீட்டுக்கு என் மகளும் வரமாட்டாள் என்று நானும் சொல்லிவிட்டேன். அப்போதாவது போனார்களா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்து, வேளா வேளைக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டி ஏறினார்கள்.

ஆகவே வேறு இடம் பார்க்கவும். கூடுமானால் இங்கிலீஷ் வாசனையே படாத இடமாக இருக்கட்டும். பெரியவர்களுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். பத்மநாபசுவாமி தங்களை விருந்தாளிகளிடமிருந்து காக்கட்டும்.

இப்படிக்கு,
தாணுலிங்கம்

பி.கு.: உறை ஒட்டப் போகும்போது சிவசைலம் தனியாக வந்து நிற்கிறான். கொல்லத்தில் வண்டியை விட்டு இறங்கித் திரும்பிவிட்டானாம். அந்தச் சொல் பிசகு என்று அவனுக்குத் தென்காசியிலேயே தெரியுமாம். "வந்த அன்னைக்கே அப்பாகிட்ட சொல்லிருப்பேன் மாமா. பொண்ணைப் பாத்தப்புறம் மனசு வரல" என்கிறான். "நீயாவது சொல்லப்பிடாதா?" என்று பொன்னம்மை கேட்டதற்கு மங்கலம் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மேலே எழுதியதெல்லாம் ரத்து. கிழவரைச் சமாதானம் செய்யத் தாங்கள் உடனே புறப்பட்டு வரவும். அவருக்கு இங்கிலீஷில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து பேனாவைப் பிடுங்கிவிட்டார்கள்.