வீடு சாயவில்லை, ரெங்கம்மா

டெய்ரி ஃபார்ம்,
போர்ட் பிளேர்.
(ஊருக்குப் பெயரை மாற்றிவிட்டார்கள். பழைய பெயரை எழுதினாலும் தபால் வருகிறது. பதில் போடாமலிருக்க அதைச் சாக்காகச் சொல்லாதே.)

அருப்புக்கோட்டையில் இருக்கும் என் அன்பு நாத்தனார் ரெங்கம்மாளுக்கு, உன் மதினி மீனாம்பாள் எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே பெரியவர்களும் பிள்ளைகளும் சுகம். வீடும் சுகம். நேராக நிற்கிறது. அங்கே நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கவும், உங்கள் வீடும் நேராக நிற்கவும் வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் கோபத்தில் மறந்துபோகும். மூத்த பேரன் சுரேந்திரன், அதாவது உன் பேத்தி அகிலாவுக்கு நாம் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளை, படகு என்ஜின் டிரைவர் பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் செய்துவிட்டான். கூட எழுதிய பதினோரு பேரில் ஏழு பேர் ஃபெயில். பேத்தி உமா மகேஸ்வரி வண்டூரில் கடலுக்குள் முங்குகிற டூரிஸ்ட்காரர்களைப் போட்டோ எடுக்கிற வேலையில் நிரந்தரமாகிவிட்டாள். அவள் கேமராவைத் தூக்கினால் மீன்கூட நின்று பார்க்கிறதாம். சின்னவன் குணா பாலிடெக்னிக்கில் இந்திப் பேச்சுப் போட்டியில் பெங்காலிப் பையன்களையே முந்திக் கப் வாங்கினான். அந்தக் கப் அலமாரி மேல் இருக்கிறது. இன்றுவரை கீழே விழவில்லை. சாய்ந்த வீட்டில் கப் நிற்குமா என்று உன் மகன் ஜெயராமனைக் கேள். கணக்கு வாத்தியார்தானே.

போனில் பேசலாம் என்றால், நான் வாயைத் திறந்ததும் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. "மதினி, வீடு ஒரு பக்கமா சாஞ்சு நிக்குதே, பிள்ளைய எப்படி அனுப்புறது, கொஞ்சம் யோசிக்கணும்" என்று நீ சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் உனக்குக் கேட்கவில்லை. காகிதத்துக்கு சிக்னல் வேண்டியதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரை படி.

வீட்டுப் படம் வேண்டும் என்று கேட்டது நீங்கள். எங்கள் வீட்டு வாசலை ஒட்டி ரோடு, ரோட்டை ஒட்டிப் பள்ளம், பள்ளத்தில் பாக்கு மரங்கள். முழு வீடும் படத்தில் விழ வேண்டுமானால் பின்னால் போக வேண்டும், பின்னால் போனால் பள்ளத்தில் விழ வேண்டும். அதனால் சுரேந்திரன் டூட்டிக்குப் போகும்போது, பஜார் போகிற பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓடுகிற பஸ்ஸிலிருந்தே தன் பழைய போனில் எடுத்து அனுப்பினான். வீடு முழுதாக வந்திருந்தது. நீலக் கதவும் வாசல் துளசியும் பார்க்க லட்சணமாக இருந்தன. நான் ஒரு குறையும் காணவில்லை. உன் மகன் அதைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் அந்த அரைவட்டத்தை வைத்து அளந்து, "நாலு டிகிரி பஜார் பக்கம் சாஞ்சிருக்கு அத்தை, பின்னாடி மலை நேராத்தான் இருக்கு, வீடுதான் சரியில்ல. அங்க பூகம்பம் வந்த ஊராச்சே" என்று பேசி அனுப்பினான். பெண் கொடுக்கிற இடத்தில் பையனுக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று விசாரிப்பார்கள். அரைவட்டம் வைத்து அளந்ததை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

உமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சிரித்தாள். "அப்பத்தா, போனுக்குள்ள சென்சார்னு ஒரு சில்லு இருக்கு. அதுலதான் படம் விழும். இது முழு வீட்டையும் ஒரே நேரத்துல பாக்காது, மேலருந்து கீழ வரைக்கும் வரி வரியா படிக்கும். கூரையைப் படிச்சிட்டு வாசப்படிக்கு வர்றதுக்குள்ள பஸ்ஸு ஒரு சாண் போயிருச்சு. கூரை ஒரு எடத்துல, படி ஒரு எடத்துல. அதான் சாஞ்ச மாதிரி இருக்கு. எல்லா வரியையும் ஒண்ணா படிக்கிற சென்சாரும் இருக்கு, ஆனா நம்ம போன்ல அது கெடையாது" என்றாள். எனக்கு உடனே புரிந்தது. நானும் அப்படித்தான் படிக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத்தான் உன் கடிதங்களைப் படிப்பேன். பாதியில் யாராவது காகிதத்தை இழுத்தால் வரி கோணிப்போகும். அதற்காக ரெங்கம்மாள் கோணலாக எழுதுகிறவள் என்று நான் ஊரெல்லாம் சொன்னேனா? மலை ஏன் சாயவில்லை என்றால், பஸ்ஸில் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும், ரோட்டோரத்து மரவள்ளி பின்னால் ஓடும், மலை நம்மோடு கூடவே வரும். ஓடுகிறதுதான் சாயும். பக்கத்து வீட்டு தாஸ் பாபு வாசலில் உள்ள கரண்டுக் கம்பமும் அதே படத்தில் அதே அளவு சாய்ந்திருக்கிறது. அதை உன் மகன் அளக்கவில்லை, அதற்கு நீங்கள் பெண் கொடுக்கவில்லை என்பதால். நீ எட்டாவது படித்தவள், அவன் பி.எட். இரண்டு பேருமாகச் சேர்ந்தும் இது விளங்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். உமாதான் ஒரு யோசனை சொன்னாள். திரும்பி வருகிற பஸ்ஸிலிருந்து எடுத்தால் வீடு எதிர்ப்பக்கம் சாயும், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் புரிந்துகொள்வார்கள் என்றாள். எடுத்தோம். சாய்ந்தது. அனுப்பினோம். உன் மகன் பத்தே நிமிஷத்தில் போன் செய்து, "அப்ப வீடு ஆடுதா அத்தை?" என்று கேட்டான். கேட்டுவிட்டு, "அந்தப் பக்கம் நாலு டிகிரி, இந்தப் பக்கம் மூணு. பஸ்ஸாலதான்னா ரெண்டும் சமமாத்தானே இருக்கணும்" என்றான். திரும்பி வருகிற ரோடு ஏற்றம், பஸ் மெதுவாக வரும், மெதுவாக வந்தால் குறைவாகச் சாயும். இதற்கு பி.எட். எதற்கு? எங்கள் ஊர் பஸ்ஸில் ஒரு தடவை ஏறினால் போதும். நீங்கள்தான் நாற்பத்திரண்டு வருஷமாக வருகிறோம் வருகிறோம் என்கிறீர்கள். முன்பு கப்பல் ஆடும் என்றாய். இப்போது விமானம் வந்த பிறகு காது அடைக்கும் என்கிறாய்.

சரி, பெரிய கேமராவில் எடுப்போம் என்று உமா கம்பெனிக் கேமராவைக் கொண்டுவந்தாள். போன் சென்சார் துவரம்பருப்பு அளவுதானாம், இதில் இருப்பது பெரிய தபால்தலை அளவு. சுரேந்திரனை வாசலில் நிறுத்தினாள். பிள்ளை முகம் கோயில் விக்கிரகம் மாதிரி வந்தது, மீசை முடியை எண்ணலாம். பின்னால் வீடு? கஞ்சியைக் கொட்டின மாதிரி கலங்கிக் கிடந்தது. "பெரிய சென்சார்ல லென்ஸை அகலமா தொறந்து கிட்டக்க நின்னு எடுத்தா அப்பிடித்தான் அப்பத்தா. எதைக் குறி வைக்கிறோமோ அது மட்டும் தெளிவா வரும், பின்னாடி கரைஞ்சுரும். லென்ஸ் துளையைச் சுருக்கியிருந்தா வீடும் வந்திருக்கும், அண்ணன் அழகா வரட்டும்னு விட்டுட்டேன்" என்றாள். அவளை நான் கேட்கிறதற்குள் சுரேந்திரன் அதை அனுப்பிவிட்டான். உங்கள் பக்கத்திலிருந்து என்ன வந்தது? "வீட்ட எதுக்கு மறைக்கிறீங்க?"

அப்புறம் குணா போனை எடுத்துக்கொண்டு எதிர்ப் பள்ளத்துப் பாக்கு மரத்தில் ஏறினான். அவன் காலேஜ் விட்டு வருவதற்குள் இங்கே இருட்டத் தொடங்கிவிடும். ஐந்தரைக்கு வெயில் அடிக்கிற ஊர் இல்லை இது. ஒரு கையால் மரத்தைப் பிடித்து, மறு கையால் எடுத்தான். வீடு நேராக வந்தது. ஆனால் படம் முழுக்க ரவையைத் தூவின மாதிரி பொடி. வெளிச்சம் குறைந்தால் சின்னச் சென்சார் அப்படித்தானாம். உமா சொன்னதை எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிற நாளில் அண்டாவை வைத்தால் எவ்வளவு வந்தது என்று தெரியும். மூக்குத்தி டப்பாவை வைத்தால் ஒரு சொட்டு விழுந்ததா இரண்டு விழுந்ததா என்று குழப்பம்தான். அந்தக் குழப்பம்தான் படத்தில் பொடியாக வருகிறது. ஜெயராமன் அதைப் பார்த்துவிட்டு, "நேராத்தான் இருக்கு, ஆனா செவுரெல்லாம் அரிச்சிருக்கே, உப்புக் காத்தா அத்தை?" என்றான். குணாவுக்கு நெஞ்செல்லாம் சிராய்ப்பு. மஞ்சள் பூசிக்கொண்டு கிடக்கிறான்.

இவ்வளவு பேசுகிறவர்கள் எனக்கு என்ன படம் அனுப்பினீர்கள்? அகிலாவின் ஸ்டூடியோப் படம் என் முன்னால்தான் இருக்கிறது. அதுவும் பெரிய கேமராதான் என்று உமா பார்த்தவுடன் சொல்லிவிட்டாள். பிள்ளையின் வலது கண் தெளிவு. இடது கண் பனிமூட்டம். காது இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ உருகிய கருப்பட்டி மாதிரி இருக்கிறது, அதுதான் ஜிமிக்கி என்று சுரேந்திரன் சத்தியம் செய்கிறான். நான் பெண்ணுக்கு ஒரு கண்தான் தெரிகிறதா என்று கேட்டேனா? அரைவட்டம் வைத்தேனா? தங்கமான பிள்ளை என்று சொல்லி மஞ்சள் குங்குமம் வைத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். சுரேந்திரன் அந்த ஒரு கண்ணையே போனில் முகப்பாக வைத்துக்கொண்டு திரிகிறான். நீ "யோசிக்கணும்" என்று சொன்ன நாளிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்ஜின் ரூமிலிருந்து ஏறி வந்து, "அகிலா வீட்டுல ஏதாச்சும் சொன்னாங்களா" என்று தினம் கேட்கிறான். நான் என்ன சொல்ல, "உனக்கும் உன் வருங்கால மாமனார் ஜெயராமனுக்கும் நடுவில் நாலு டிகிரி நிற்கிறது" என்றா?

இந்த வீட்டைக் கட்டியது யார்? உன் கூடப் பிறந்த அண்ணன். கல் கல்லாகத் தானே அடுக்கினார். அந்த டிசம்பர் மாதம் பூமி ஆடியபோது, நாங்கள் எல்லோரும் ரோட்டுக்கு ஓடினோம், அவர் மட்டும் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதைத் திட்டிக்கொண்டு நின்றார். தெருவில் மூன்று மதில் விழுந்தது. இந்த வீட்டில் ஒரு ஓடு சரியவில்லை. தாஸ் பாபு நேற்றுகூட வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "மாஜி, மக்கான் ஏக்தம் சீதா ஹை" என்றார். நூல் பிடித்த மாதிரி இருக்கிறதாம். அந்த பெங்காலிக்குத் தெரிகிறது, கூடப் பிறந்தவளுக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். உன் அண்ணன் போய், காரியம் முடிந்து, வீட்டுக்கு வெள்ளையடித்துச் சாமான்களைத் திரும்ப வைத்தோம். அதற்கு மறுநாளிலிருந்து அவருடைய இரும்பு அலமாரிக் கதவு காலையில் தானாகத் திறக்கிறது. நான் சாத்துவேன், அது மெல்லத் திறக்கும், உள்ளே தொங்குகிற அவர் சட்டை இரண்டும் தெரியும். "வந்துட்டீங்களா" என்று கேட்டுவிட்டு நான் காப்பி போடப் போவேன். ஆறு வருஷமாக இப்படித்தான். மனுஷன் போயும் வீட்டை விட்டுப் போகவில்லை. சாய்கிற வீடாக இருந்தால் அவர் சும்மா வந்து போவாரா? என் உயிரை வாங்கியிருக்க மாட்டாரா?

அதனால் முடிவாகச் சொல்கிறேன். நாளைக் காலை அழகர்சாமி மேஸ்திரி தூக்குக்குண்டோடு வருகிறார். நூலுக்கு சென்சார் கிடையாது, அது பஸ்ஸில் ஏறாது. அவர் அளந்து சொல்கிறதை இந்தக் கடிதத்திலேயே எழுதி, அதற்குப் பிறகுதான் தபாலில் சேர்ப்பேன். அதைப் படித்துவிட்டு உன் மகன் என் பேரனிடம் மன்னிப்புக் கேட்கட்டும். பெரியவள் நான், என்னிடம் கேட்க வேண்டாம்.

அகிலாவுக்கு ஆயிரம் ஆசீர்வாதம். ஜெயராமனுக்கும் ஆசீர்வாதம், ஆனால் அதில் கொஞ்சம் குறைத்துக்கொள். உன் முட்டி வலிக்கு ஆமணக்கெண்ணெய் தடவு. எல்லோரும் நீண்ட ஆயுளோடு நேராக இருங்கள்.

இப்படிக்கு,
உன் மதினி
ஜ. மீனாம்பாள்

பின்குறிப்பு: மேஸ்திரி வந்துவிட்டுப் போனார். நான்கு மூலையிலும் நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். வீடு சாய்ந்திருக்கிறது, ரெங்கம்மா. பத்தடிக்கு ஓர் அங்குலம், பஜார் பக்கம். மொத்தமாக ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதாம். பூகம்பத்தில்தான் இறங்கியிருக்கும், இருபது வருஷமாக அப்படியே நிற்கிறது, இன்னும் ஐம்பது வருஷம் நிற்கும் என்றார். உமா கணக்குப் போட்டாள். ஜெயராமன் சொன்ன நாலு டிகிரியில் மூன்றரை பஸ்ஸினுடையது, அரை டிகிரி வீட்டினுடையது. திரும்பி வரும்போது அந்த அரை கழிந்து மூன்றாகிவிட்டது. ஏற்றத்தால் இல்லையாம். பஸ் இரண்டு தடவையும் ஒரே வேகத்தில்தான் வந்ததாம்.

நூல் விட அலமாரியை நகர்த்தினார்கள். பின்னால் சுவரோரம் ஒரு மடிப்பு கிடந்தது. காலண்டர் தாள்களை நாலாக மடித்து, நூலால் கட்டி வைத்திருந்தது. மேல் தாள் இரண்டாயிரத்து ஐந்து பொங்கல் நாளுடையது, பூமி ஆடியதற்கு மறுமாதம். அலமாரிக் கால் அழுந்திய தடம் அதில் அப்படியே இருக்கிறது. உன் அண்ணனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. முட்டுக் கொடுத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டார். வெள்ளையடித்தபோது நாங்கள் அதை வைக்க மறந்திருக்கிறோம்.

மேஸ்திரி போன பிறகு அதைப் பழையபடி காலுக்கடியில் வைத்துப் பார்த்தேன். கதவு திறக்கவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதை எடுத்துவிட்டேன்.

இதை ஜெயராமனிடம் சொல்கிறாயோ இல்லையோ, உன் விருப்பம். மறைத்துப் பெண் எடுத்தோம் என்ற பேர் எனக்கு வேண்டாம் என்றுதான் எழுதினேன். சம்மதம் என்றால் அகிலாவை நல்ல வெயிலில், சாதாரண போனில், நின்ற இடத்தில் நிற்க வைத்து ஒரு புதுப் படம் எடுத்து, பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு. இரண்டு காதும் தெரிய வேண்டும்.