சிவப்புத் துணி கட்டாத மூட்டை

ஞாபகசக்தி அதிகம் என்று பீற்றிக்கொள்பவனை நம்பி விதைநெல்லை ஒப்படைக்கக் கூடாது. அப்படிப் பீற்றிக்கொண்டவன் நான்தான்.

பி.யு.சி. கோட்டைவிட்டு, குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் வெட்டியாக இருந்த காலம். சீட்டுக்கட்டை முழுக்கக் கவிழ்த்துப் பரப்பி, இரண்டிரண்டாகத் திருப்பி ஜோடி சேர்ப்பேன். சேராவிட்டால் மறுபடி கவிழ்த்துவிட வேண்டும். எதிராளி கிடையாது (தோற்றாலும் வெளியே தெரியாது). முதலில் கண்டபடி திருப்பினேன். பிறகு வரிசைகளுக்கு ஊர்ப்பெயர் வைத்து, ஒரு ராணியைத் தேரழுந்தூரிலும் இன்னொருத்தியைத் திருக்கடையூரிலும் மனதுக்குள் குடிவைத்தேன். கொஞ்ச நாளில், திருப்பும் முன்பே சீட்டின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தேன். தலைக்கனமும் ஏறிவிட்டது.

அப்போதுதான் குத்தகைக்காரர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்திருந்தது. அப்பா பெயரைப் பதியக் கூடாது என்று நிலத்துக்காரர் ஆட்சேபித்திருந்தார். குறுவை அறுத்ததும் குத்தகை நெல்லை ஒழுங்காக அளந்தால் நிலம் எங்களிடம் நிற்கும். தவறினால் அதையே சாக்காக வைத்து வெளியேற்றுவார். அப்பா விசாரணைக்கு அலைந்ததால் விதைப்பு என் தலையில் விழுந்தது.

குறுவை விதை மூட்டையில் அம்மா சிவப்புத் துணி கட்டி வைப்பாள்.

"இதெல்லாம் எதுக்கும்மா? கதவோரம் குறுவை, செவுத்தோரம் சம்பா. எனக்குத் தெரியாதா?" என்று அவிழ்த்து எறிந்தேன்.

இடையில் ஒரு கோடை மழை. கூரை ஒழுகவே, அக்கா மூட்டைகளை மாற்றி வைத்திருக்கிறாள். (சீட்டு தானாக இடம் மாறாது. எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.) கதவோர மூட்டையை இழுத்து ஊறவைத்து, நானே விதைத்தேன். நாற்றும் பச்சைப்பசேலென்று வந்தது.

ஊரெல்லாம் கதிர் சாய்ந்து அறுவடை தொடங்கியது. எங்கள் வயலில் ஒரு கதிர்கூட இல்லை. அத்தனையும் சம்பா; கதிர் விட இன்னும் மாதக்கணக்கில் ஆகும்.

அப்பா வரப்பில் நின்று, "ஏண்டா, நெல்லக் கையில எடுத்துப் பாக்கலியா?" என்று கேட்டார்.

"பாக்காமயே சொல்றதுதாம்ப்பா..." என்று இழுத்தேன்.

குத்தகை நெல் அளக்க முடியவில்லை. நிலத்துக்காரரோடு நடந்த ராஜிப் பேச்சில் அப்பா பாதி நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தார். இதை எழுதும்போதும் மனசு ஆறவில்லை.

இன்றும் நான் "எனக்கு ஞாபகம் இருக்கு" என்று வாய் திறந்தால், "யாராச்சும் இவன் கழுத்துல செவப்புத் துணியக் கட்டுங்க" என்பாள் அக்கா. பேரப்பிள்ளைகள்வரை சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அப்பா இருந்தவரை, இந்தப் பேச்சு வந்தாலே, "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரேன்" என்று எழுந்து போய்விடுவார். பாதி நிலம் கைவிட்டுப் போன அந்த வருஷமே மாட்டை விற்றுவிட்டோம்.