சுரங்கத்தில் வராத ஆர்டர்

மனித குலம் போனில் பேசிக்கொள்ளும் காலம் முடிந்துவிட்டது என்று, ஒரகடத்தில் கார் சீட் செய்யும் ஒரு தொழிற்சாலையின் டிஸ்பாட்ச் அறையில் நின்றபடி கொம்பையா அறிவித்தான். கம்ப்யூட்டர் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த அவனை நிரந்தரமாக்குவதா என்று மேனேஜர் நாகப்பன் அன்று மாலை முடிவெடுப்பதாக இருந்தார்.

அறிவிப்பைக் கேட்டது டிஸ்பாட்ச் காவேரி மட்டும். அவள் கையில் ரிசீவர்.

"கார் கம்பெனிக்கா போன் போடுதீங்க?"

"ஆமா தம்பி. ஆர்டர் அனுப்பிட்டீங்களான்னு டெய்லி ஒரு வார்த்தை கேட்டுக்குவேன்."

"அவங்க கம்ப்யூட்டர் நம்ம கம்ப்யூட்டருக்குத் தானா அனுப்புதுக்கா. நடுவுல நீங்க எதுக்கு? புறா கால்ல சீட்டு கட்டுன காலத்துப் பழக்கம்."

காவேரி ரிசீவரை வைத்தாள். "எனக்கு இன்னா, ஒரு வேலை மிச்சம்."

அன்று ஆர்டர் வரவில்லை.

எந்த நிற சீட்டை ஏற்றுவது என்று தெரியாமல் லாரி நின்றது. மதியத்துக்குள் சீட் போகாவிட்டால் கார் கம்பெனியின் உற்பத்தி லைன் நின்றுவிடும். கொம்பையாவின் வேலையும்தான்.

அவன் பதறவில்லை. இணையத்திலிருந்து தன் லேப்டாப்புக்கு நேர்வழியாக ஒரு 'சுரங்கம்' போடும் மென்பொருளைத் திறந்தான். கார் கம்பெனி அனுப்பும் செய்திகளை அதில் வழிமறித்துப் பிரித்துப் பார்க்கலாம். ஆர்டரை இங்கே அனுப்புங்கள் என்று சுரங்கத்தின் முகவரியை அவர்களுக்கு மெயிலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தான்.

"இன்னா தம்பி தெரியுது?"

"தெளிவா தெரியுதுக்கா. ஒண்ணும் வரல."

சுரங்கத்தை மூடித் திறந்தான். முகவரி மாறிவிட்டது. புது முகவரிக்கு இன்னொரு மெயில். மறுபடி மூடித் திறந்தான். மறுபடி மெயில்.

பழுது சுரங்கத்திலா என்று பார்க்க, நேற்றைய ஆர்டரை எடுத்து அதன் வழியே திரும்ப அனுப்பினான். சுரங்கம் பிரமாதமாக வேலை செய்தது. ஷாப் ஃப்ளோரில் பிரிண்டர் ஆர்டர் தாளைத் துப்ப, ஆட்கள் சாம்பல் நிற சீட்களை மளமளவென்று லாரியில் ஏற்றினார்கள்.

நாகப்பன் வந்தார். "இன்னாப்பா, நேத்து போன சரக்கையே திரும்ப ஏத்திகினு கீறானுங்க?"

"டெஸ்டிங் சார்."

"லாரியிலயா?"

கொம்பையா அவசரமாகச் சுரங்கத்தை மூடினான்.

"அவங்க லைன் நின்னுச்சுன்னா, உன் பேப்பர்ல கையெழுத்து போட எனக்குக் கை வராது." அவர் போய்விட்டார். ஆட்கள் சீட்களை இறக்கத் தொடங்கினார்கள்.

"நான் வேணா ஒரு போன் அடிக்கட்டா தம்பி?" என்றாள் காவேரி.

"வேண்டாம்க்கா. இது டெக்னிக்கல்."

கொம்பையா கம்ப்ரசர் ஷெட்டுக்குப் பின்னால் போனான். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, செல்லைக் கையால் மறைத்தபடி கார் கம்பெனிக்கு அடித்தான். எடுத்தது ஆர்டர் பிரிவு ஷெர்லின்.

"மேடம், ஆர்டர் அனுப்பிட்டீங்களா?" என்றான் மெல்ல.

"இதோ சார். காவேரி அக்கா இன்னிக்கு லீவா? இங்க சிஸ்டம் படுத்து ரெண்டு வருஷம் ஆச்சு, அவங்க போன் வந்தாத்தான் நான் டைப் பண்ணி அனுப்புவேன்."