பண்டிதருக்கு முகம் தேடிய கதை

நினைத்ததை முடிக்காமல் விடமாட்டேன் என்று என்னைப் பற்றிக் கண்டியில் ஒரு பேச்சு உண்டு. (அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.) பிடிவாதம் நல்ல குணம்தான், கண்ணை மறைக்காதவரை. என்னுடையது மறைத்தது.

முப்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. கண்டியில் ஒரு கந்தோரில் கிளாக்கர் உத்தியோகம். எங்களுக்குத் தமிழ் சொல்லித்தந்த இளையதம்பிப் பண்டிதர் காலமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் பள்ளிக்கூடத்திலேயே நரைத்துப்போன மனிதர். சனிக்கிழமைகளில் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். அங்கே செபமாலை என்றொரு சிறுமி. அவளைக் கண்டிக்குக் கொண்டுவந்து படிப்பிக்க வேண்டும் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பழைய மாணவர்கள் கூடி, முதலாம் நினைவு நாளில் அவர் பெயரில் ஒரு புலமைப்பரிசில் வைப்பது, முதலாவது செபமாலைக்கே என்று தீர்மானித்தோம். காரியதரிசி நான். செலவு முழுவதையும் ஏற்க முன்வந்தவர், ஒரு காலத்தில் பண்டிதரிடம் குட்டு வாங்கிய ஜவுளிக்கடை முதலாளி. அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை.

"வாத்தியார் படம் மண்டபத்துல தொங்கணும். அதுக்கு மாலை போட்டுட்டுத்தான் ஆரம்பிப்பேன். மொகமே இல்லாத ஆளுக்கு எப்படிய்யா மாலை போடுறது? படம் இல்லேன்னா பரிசிலும் இல்ல."

"படம் வரும் முதலாளி. நான் பொறுப்பு" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

படம் எங்கிருந்து வரும்? பண்டிதருக்குப் படம் பிடிப்பதென்றாலே வேப்பங்காய். அவர் நின்ற படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். எங்கள் வகுப்புப் படம். அதிலும் தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பின்னால், பாதி மறைந்து நிற்கிறார். அசையாதே என்று சொன்ன பிறகும் பக்கத்தில் ஒரு கழுதை கதைத்துக்கொண்டிருந்ததால், திரும்பி அதன் காதைப் பிடித்துவிட்டார். படத்தில் காதும் கையும் கச்சிதமாக விழுந்திருந்தன. முகம் இருந்த இடத்தில் வெறும் புகை. (கழுதை யார் என்று கேட்காதீர்கள். காது என்னுடையது.)

அவர் முகத்தைக் கெடுத்தவன் நான். மீட்கவேண்டியவனும் நானே என்று சபதம் எடுத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் படம் பிடிக்கும் கடை வைத்திருந்த, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரிடம் போனேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதுல ஆளே இல்லயே. ஒண்டு செய்வோம். அவர்ட உடுப்ப உடுத்திட்டு நீங்க இருங்க. பெருசாப் படம் புடிச்சி, மேல முகத்த மட்டும் மாத்தி வரஞ்சி தாரன். அடையாளத்த நீங்க சொல்லணும்."

பண்டிதரின் மனைவியிடம் போய் அவருடைய கோட்டையும் சால்வையையும் தலைப்பாகையையும் வாங்கிவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு தொடங்கியது வரைதல். மூக்கு இன்னும் நீளம் என்பேன். கண் இன்னும் சாந்தம் என்பேன். முதல் தடவை வந்தவர் ஒரு கோபக்காரக் கங்காணி. இரண்டாம் தடவை வந்தவரைப் பார்த்தால் எங்கள் கந்தோர்ப் பெரியவர் போல இருந்தது. விழாவுக்கு முதல்நாள் மூன்றாவது படத்தை நானா நீட்டினார். நரைத்த மீசை, மூக்குக்கண்ணாடி, தலைப்பாகை. பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு நெருங்கிப் பழகிய முகம்! தினமும் காலையில் பார்த்த முகம் போலல்லவா இருக்கிறது!

"இதேதான் நானா! அச்சு அசல்!" என்று கண்ணீர் விட்டேன்.

பண்டிதரம்மா ஒருமுறை காட்டச் சொன்னார். "மேடையிலே பாருங்கள் அம்மா" என்று கட்டிய துணியை அவிழ்க்க மறுத்துவிட்டேன். காரியதரிசி என்றால் சும்மாவா?

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பண்டிதரம்மா, பக்கத்தில் என் தாயார். தகப்பனோடு புதுப் பாவாடையில் செபமாலை. திரை விலகியது. முதலாளி தலையைக் குனிந்தபடியே போய் மாலையைப் போட்டார், மெழுகுதிரி ஏற்றினார், கும்பிட்டார். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

என் தாயார்தான் முதலில் எழுந்தார்.

"அய்யோ மாதாவே! உசுரோட இருக்கிற எம்புள்ளைக்கு மாலை போட்டு மெழுகுதிரியும் ஏத்திட்டாங்களே! சவரி, அங்க ஏன்டா தொங்குற?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, தினமும் காலையில் அந்த முகத்தை நான் எங்கே பார்த்தேன் என்று. சவரம் செய்யும் கண்ணாடியில்! (நானா பிறகு சொன்னார்: "வரஞ்சி வரஞ்சி கை ஓஞ்சி போச்சி தம்பி. ஒங்கட முகத்த அப்பிடியே உட்டுட்டு மீசய வச்சன். நீங்கதானே அழுதீங்க.")

முதலாளி முகம் சிவந்தது. "என்னைய மடையனாக்கிட்டீங்க. பரிசிலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

செபமாலையின் தகப்பன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. என் மானம் போனது போகட்டும், அந்தப் பிள்ளையின் படிப்பும் என்னால் போகிறதே!

பண்டிதரம்மா மெல்ல எழுந்து போய்ப் படத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு வருடமாகச் சிரித்தறியாத மனுஷி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"முதலாளி, கோவிக்காதேங்கோ. உயிரோட இருக்கேக்கை படத்துக்கு முகம் குடுக்க மாட்டன் எண்டவர். செத்தும் குடுக்கேல்லை. அந்தப் பிடிவாதம் அப்பிடியே இதிலை இருக்கு. இதைவிட அவரைக் காட்டுற படம் வேறை ஏது? பிள்ளையைப் படிப்பியுங்கோ."

முதலாளி படத்தை இன்னொருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு செபமாலையைப் பார்த்து, "நீ உக்காரும்மா" என்றார். என் பக்கம் திரும்பினார். "ஆனா ஒனக்குத் தண்டனை உண்டு. இந்தப் படம் இங்கயேதான் தொங்கணும். எறக்குற அன்னைக்குப் பரிசிலும் நிக்கும்."

"தொங்கட்டும் முதலாளி. நானே ஆணி அடிக்கிறேன்" என்றேன். அடித்தேன்.

இன்றும் தொங்குகிறது. வருடந்தோறும் ஒரு தோட்டத்துப் பிள்ளை அந்தப் பரிசிலில் கண்டிக்கு வருகிறது. மாலை போடுவது, இப்போது அதே பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கும் செபமாலை டீச்சர். அவள் கதிரைமேல் ஏறுவாள்; விழாமல் கதிரையைப் பிடித்துக்கொள்வது நான். எனக்கும் மீசை நரைத்து, கண்ணாடியும் வந்துவிட்டது. போன வருடம் புதிதாக வந்த பிள்ளை படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்து அழத் தொடங்கிவிட்டது.

வருடாவருடம் விழா நாள் காலையில் நான் சட்டை மாட்டும்போது என் மனைவி தவறாமல் சொல்வது ஒன்றுதான்:

"இன்னைக்கு ஒங்க நெனவு நாளு. போய் மாலைய வாங்கிக்கிட்டு வெரசா வந்துருங்க, சோறு ஆறிடும்."