எல்லார் மேலும் என் மனைவியின் வாசனை

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

கிராஸிலிருந்து உங்கள் மருமகன் எல்சேயார் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மார்செய்யில் காற்று பலமாக அடிப்பதாக வானொலியில் சொன்னார்கள். சன்னல் பக்கம் உட்காராதீர்கள். நான் நலம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஒரு பல் மட்டும் போய்விட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

போன வாரம் போனில் கேட்டீர்கள். "அப்போலீன் பிரிஞ்சுடலாம்னு தாள் அனுப்பி எத்தனை நாளாச்சு? கையெழுத்துப் போடாம எதுக்கு மாப்பிள்ளை இழுத்தடிக்கிறீங்க?" நியாயமான கேள்விதான். போனில் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன்.

வாசனைத் திரவியம் செய்கிறவர்களை இங்கே மூக்கு என்றுதான் சொல்வோம். எங்கள் சின்னக் கம்பெனியில் உங்கள் மகள் மூக்கு, நான் கை. அவள் கலப்பாள், நான் குப்பியில் ஊற்றி, சீட்டு ஒட்டி, தபாலில் சேர்ப்பேன். மூன்றாவது ஆள் கிடையாது. பாரிஸிலிருந்து அந்தப் பெரிய நிறுவனத்துக்காரர் வந்தபோதுகூட நான்தான் காபி போட்டேன். மனிதர் எங்கள் சரக்கையெல்லாம் ஒவ்வொன்றாக முகர்ந்து முடித்துவிட்டு, கடைசியில் அப்போலீனின் கழுத்துப் பக்கம் முகத்தை நீட்டி, "மதாம், நீங்க பூசியிருக்கிறது எது?" என்று கேட்டார். அது விற்பனைக்கு இல்லாதது. எங்கள் கல்யாணத்துக்காக அவளே செய்து பூசிக்கொண்டது. ஆரஞ்சுப் பூ, கொஞ்சம் அத்திமரப் புகை, அடியில் இன்னும் ஏதோ ஒன்று. என்னவென்று என்னிடமே சொன்னதில்லை. "இந்த மூக்குக்கு இந்த ஊர் ரொம்பச் சின்னது மதாம்," என்றார் அவர். அன்றைக்கே எனக்கு மூக்கறுபட்டுவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. "என்ன சொல்ற, எல்சேயார்?" என்று அவள் கேட்டாள். "போ. உனக்கில்லாத இடமா," என்றேன். மனசாரத்தான் சொன்னேன், அத்தை.

பாரிஸ் வேலைக்குப் போன புதிதில் ராத்திரி தவறாமல் போனில் பேசுவாள். "இங்க நான் ஒண்ணு செஞ்சா பத்துப் பேரு மோந்து பாக்குறாங்க. ஒருத்தருக்கு இனிப்பு ஜாஸ்தி, இன்னொருத்தருக்குக் கம்மி. அவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள எனக்கு மூக்கே அடைச்சிடுது," என்று சிரிப்பாள். அந்தப் பத்துப் பேரும் ஒருமனதாகத் தலையாட்டியது ஒன்றே ஒன்றுக்குத்தான்: எங்கள் கல்யாண வாசனைக்கு. அதற்குப் புதுப்பேர் வைத்து, தங்க மூடி போட்டு, விமான நிலையம் முதல் மருந்துக்கடை வரைக்கும் அடுக்கிவிட்டார்கள்.

என் கஷ்டகாலம் அதிலிருந்துதான். கான் ஊர்ச் சந்தையில் மீன் வாங்க நிற்கிறேன், பக்கத்தில் அதே வாசனை, அவளுடையது போலவே சாம்பல் நிறக் கோட்டு. சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள் என்று தோளில் கை போட்டு, "எப்ப வந்த? ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்றால், திரும்பியது யாரோ ஒரு அம்மாள். கையிலிருந்த கீரைக்கட்டால் அடித்தாள். மீன்காரி கோதீன், "மீன் பாக்க வந்த ஆளு மாதிரி தெரியலையே மொசியே," என்று சந்தைக்கே கேட்கும்படி சொன்னாள். சரி, பல்லைக் காட்டலாமென்று மருத்துவரிடம் போனால், வாயைத் திறக்கச் சொல்லிக் குனிந்த உதவிப்பெண்ணிடமும் அதே வாசனை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலிக்கிறதாக்கும் என்று மருத்துவர் இன்னொரு ஊசி போட்டு, ஆடாத பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் இறந்து தேவாலயத்துக்குப் போனால், முன்வரிசையில் அவள், பின்வரிசையில் அவள், விதவை மேலும் அவள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் பாதிரியார் ஜெபத்தை நிறுத்திவிட்டார்.

ஈஸ்டருக்கு அப்போலீன் வந்தாள். ரயிலடியிலேயே கட்டிக்கொண்டேன். அவள் மேல் எந்த வாசனையும் இல்லை, கழுவி வைத்த தட்டு மாதிரி. அங்கே மூக்குகள் ஒன்றும் பூசக் கூடாதாம். "லீவுதானே, நம்மளோடதைப் பூசியிருக்கலாமே," என்றேன். "அது அவங்களோடது இப்ப. எனக்கும் அலுத்துப்போச்சு," என்றாள். ஊரில் உள்ளவர்களெல்லாம் என் மனைவி மாதிரி மணக்கிறார்கள், என் மனைவியைத் தவிர. சாப்பாட்டு மேசையில்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். "நீ பாரிஸுக்கு வரமாட்ட. நான் திரும்பமாட்டேன். எதுக்கு ரெண்டு பேரும் ரயிலைப் பாத்துக்கிட்டு நிக்கணும்?" ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு ரொம்ப வலித்தது, அத்தை.

இருந்தாலும் பெரிய மூக்கை இந்தக் கையால் பிடித்து வைப்பது முறையில்லை. ஆகவே முழுமனதுடன் கையெழுத்திட்டு, தாளை இந்தக் கடிதத்துடனேயே வைத்திருக்கிறேன். அவளிடம் சேர்த்துவிடுங்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றும் சொல்லுங்கள்.

நீங்கள் நோய்நொடியின்றி நெடுநாள் இருக்க வேண்டும். மாப்பிள்ளை என்று நீங்கள் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.

என்றும் உங்கள் பணிவுள்ள,
எல்சேயார்

பி.கு.: உறையை உதறிப் பார்க்காதீர்கள், தாள் அதில் இல்லை. அதை வைக்கப் போகும்போது, கடைசியாக ஒருதரம் என்று, கடைக்குப் போய் அந்தத் தங்க மூடிக் குப்பியை வாங்கிவந்தேன். "மனைவிக்கா?" என்று கடைப்பெண் கேட்டாள். ஆமாம் என்றேன். அப்போலீனின் தலையணையில் அடித்தேன். ஆரஞ்சுப் பூ இருந்தது, அத்திப் புகை இருந்தது, அடியில் இருக்கும் அந்த ஏதோ ஒன்றும் இருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது. அவள்தான் இல்லை. தலையணை உறையைக் கழற்றிவிட்டு விடியும்வரை சன்னலைத் திறந்தே வைத்திருந்தேன். நான் கையெழுத்துப் போடவில்லை, அத்தை. தாள் வேண்டுமென்றால் அவளே வந்து கேட்கட்டும். ஒன்றும் பூசாமலே வரட்டும், எனக்கு ஆளைத் தெரியும்.