மண்ணச்சநல்லூருக்குப் போன கார்

எந்த வீட்டிலும் பழுதான பொருள் ஒன்று இருக்கும். அதைச் சரிசெய்யவும் மாட்டார்கள், தூக்கிப் போடவும் மாட்டார்கள். "இதுக்கு ஒரு முடிவு கட்டணும்" என்று மட்டும் அவ்வப்போது சொல்லிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அப்படி இரண்டு இருந்தன. ஒன்று கார். மற்றது, உறவினர்களின் அபிப்பிராயத்தில், நான். (மெக்கானிகல் டிப்ளமா, இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ரிப்பேர் என்றால் இதைவிடப் பெரிய ரிப்பேர் உண்டா?)

முதலில் கார். அப்பா வாய்க்கால் மதகும் சின்னப் பாலமும் கட்டுகிற காண்ட்ராக்டர். சைக்கிளில் வந்து இறங்கினால் மேஸ்திரி என்பார்கள், காரில் வந்து இறங்கினால்தான் காண்ட்ராக்டர் என்பார்கள் என்பது அவர் சித்தாந்தம். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊரைவிட்டுக் கிளம்பியபோது ஏலத்துக்கு வந்த கறுப்புக் காரை அப்பா எடுத்துவிட்டார். அதன் பிறகு அப்பா எங்கே போனாலும் காரும் போனது உண்மை. பெரும்பாலும் கார் முன்னால் போனது. அப்பா பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

கடைசியாக அது ஓடியது பாதிக் காவிரிப் பாலம் வரைக்கும். திருச்சிக் கடைவீதியிலிருந்து நாங்கள் ஸ்ரீரங்கம் திரும்பிக்கொண்டிருந்தோம். நடுப் பாலத்தில் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. பின்னால் ஒரு பஸ், இரண்டு வைக்கோல் வண்டி, ஒரு ஜட்கா. ஜட்காக்காரர் இறங்கி வந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, எல்லாரும் ஸ்ரீரங்கம் போய்ச் சேந்துதான் மோட்சம் வாங்குவாங்க. உங்க வண்டி பாலத்துலயே வாங்கிடுச்சு போலிருக்கே?"

"சூடாயிருக்குப்பா. ஆறினா கெளம்பிடும்" என்றார் அப்பா.

ஆறியது. அம்மா மண்டபம் சாலையில் எங்கள் வீட்டை ஒட்டிய கீற்றுக் கொட்டகையில் வருஷக்கணக்கில் ஆறியது. கொட்டகைக் கூரையில் ஓட்டை விழுந்து, காரின் தலையில் நேராக வெயில் அடிக்கத் தொடங்கியதும் அம்மா அதன்மேல் வேட்டியை விரித்து வடாம் காய வைத்தாள். அந்தக் காரால் எங்கள் குடும்பம் அடைந்த ஒரே வருமானம் வடாம்தான்.

அது ஆறிக்கொண்டிருந்த காலத்தில் நான் பாலிடெக்னிக்கில் படித்து முடித்தேன். என் வகுப்பில் புடவை கட்டியது நான் ஒருத்தி. திருச்சியில் ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் வேலைக்கு வரச் சொன்னார்கள். அப்பா யோசித்துப் பதில் சொன்னார்.

"கல்யாணம் ஆகி உன் புருஷன் அனுப்பினா போயிக்கம்மா. நான் அனுப்பிச்சேங்கிற பேரு எனக்கு வேணாம்."

ஆக, எனக்கு வேண்டியது வேலை. அதற்கு முதலில் வேண்டியது, வேலைக்கு அனுப்புகிற ஒரு புருஷன். இறக்குமதி நின்றுபோன காருக்கு ஸ்பேர் பார்ட் தேடுகிற மாதிரிதான்.

இந்த நிலையில்தான் அப்பா ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டே, "அந்தக் காருக்கு ஒரு முடிவு கட்டணும். நீதான் படிச்சிருக்கியே, பாத்துச் சொல்லு. நீ சொல்றதுதான் முடிவு" என்றார்.

நீ சொல்றதுதான் முடிவு! அந்த வாக்கியத்தை அதற்கு முன்னால் என்னிடம் யாரும் சொன்னதில்லை. (எந்தப் புடவை என்பதில்கூட.) பரீட்சைக்குப் போகிற மாதிரி தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு காரின் அடியில் படுத்தேன். அன்று முழுக்கப் பார்த்து, வரிசைப்படுத்தி, சுத்தமாக எழுதிக் கொடுத்தேன். தரைப்பலகை: கறையான். சட்டம்: துரு. கியர்ப் பெட்டி: பல் போய்விட்டது. ஸ்டியரிங்: திருப்பினால் கார் சற்று யோசித்துவிட்டுத் திரும்பும். பிரேக்: இருந்ததற்கு அடையாளம் உண்டு. எஞ்சின்: நலம். (அப்பா மாதம் தவறாமல் கைப்பிடி போட்டுச் சுற்றி எண்ணெய் விட்டிருந்தார்.) முடிவு: பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். முகம் மலர்ந்தது.

"எஞ்சின் நலம்னு நீயே எழுதியிருக்கியே!"

"அப்பா, மத்ததெல்லாம் பாருங்க."

"மனுஷனுக்கு இருதயம் நல்லா இருந்தா போதும்மா. கைகால் வலிக்குதுன்னு யாராவது ஆளைத் தூக்கிப் போடுவாங்களா?"

"வலி இல்லப்பா. கைகாலே இல்ல."

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, எங்களோடுதான் இருந்தார். (அவர் வாய்க்கும் பிரேக் கிடையாது.) உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "ஏன்டா, அவ சொல்றதுதான் முடிவுன்னு சொன்னியே?"

"ஆமாக்கா. எஞ்சின் நல்லா இருக்குன்னு சொல்லிட்டா. முடிஞ்சுது."

மேற்கொண்டு சண்டை போட விடாமல் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "உன் கல்யாணம் முடியிற வரைக்கும் அது அங்கயே நிக்கட்டும்டி. கார் இருக்கிற வீடுன்னு தரகர் சொல்லி வெச்சிருக்காரு. ஓடுற கார்னு அவரும் சொல்லல, நாமளும் சொல்லல."

அப்படித் தரகர் சொல்லிவைத்த இடங்களில் ஒன்று, மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில் வைத்திருந்த குடும்பம். பையன் மில்லைப் பார்த்துக்கொள்கிறான். "பொண்ணு வேலைக்குப் போறதுல அவங்களுக்கு ஆட்சேபணை இல்லீங்க" என்று தரகர் கூடத்தில் சொன்னது என் காதில் விழுந்தது. பையன் கறுப்பா சிவப்பா என்றுகூட நான் கேட்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைக் கல்யாணம் செய்துகொள்ளத் தயாராகிவிட்டேன்.

அவர்கள் வருகிற அன்று அப்பா காரைக் கழுவினார். முழுக்க அல்ல, தெருவிலிருந்து தெரிகிற பக்கத்தை மட்டும். என்னையும் ஏறத்தாழ அப்படித்தான் தயார் செய்தார்கள். என்ன பாட்டு, எவ்வளவு மெதுவாக நடப்பது, யார் காலில் முதலில் விழுவது எல்லாம் சொல்லித் தரப்பட்டது. படிப்பைப் பற்றிக் கேட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. யாரும் கேட்பார்கள் என்று தோன்றவில்லை.

மில் முதலாளி கனத்த உடம்புக்காரர். வாடகைக் காரிலிருந்து இறங்கியவர் வாசலுக்கு வராமல் நேராகக் கொட்டகைக்குப் போனார். அவர் மனைவியும் பையனும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் கேசரித் தட்டோடு வரும்போது அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"வண்டி ஓடுதுங்களா?"

"சின்ன வேலை பாக்கியிருக்குங்க" என்றார் அப்பா.

அவர் அப்பாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ மிஷின் படிச்ச பொண்ணாமே? நீ சொல்லும்மா. எப்படி இருக்கு?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஆயிரம் அர்த்தம் இருந்தது. அவ்வளவும் 'வாயை மூடு' என்பதே. ஆனால் என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். மாமனாராக வரப்போகிறவர் ஒரு பெண்ணைப் பாடச் சொல்லவில்லை, கோலம் போடத் தெரியுமா என்று கேட்கவில்லை, எஞ்சினைப் பற்றிக் கேட்கிறார்! நான் கேசரித் தட்டைப் பையன் மடியருகே வைத்தேன். அம்மா சொன்ன மெதுநடை மறந்துபோய், பட்டுப் புடவையோடு கொட்டகைக்கு நடந்தேன். எல்லோரும் பின்னால் வந்தார்கள்.

"உடம்பு முழுக்கப் போச்சுங்க. ரோட்டுல இறக்கவே முடியாது. சொந்தக்காரங்க யாராவது ஏறினா கறையானோட கீழ வந்துடுவாங்க" என்று ஆரம்பித்தேன். (அப்பா கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.) "ஆனா எஞ்சின் முதல் தரம்."

"மண்ணெண்ணெய்ல ஓடுமா?"

"பெட்ரோல்ல கெளப்பிட்டு, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்திக்கலாம்."

"தொடர்ந்து ஓடினா கொதிக்காதா?"

"ரேடியேட்டரை நம்பக் கூடாதுங்க. பக்கத்துல தண்ணித் தொட்டி கட்டி, குழாய் குடுத்துடணும்."

"கியர்ப் பெட்டி?"

"அது எதுக்குங்க? கழட்டிப் போட்டுட்டு, பின்னாடி புல்லி மாட்டினா பெல்ட் ஓட்டலாம்."

"நெல் அரைக்கிற மிஷினை இழுக்குமா?"

"தாராளமா இழுக்கும்."

"இஞ்சினியரம்மா!" என்றார் அவர், மனம் விட்டு.

அந்த ஒரு வார்த்தைக்குத் தலைகால் புரியாமல் போய்விட்டேன். பூ சுற்றி வந்த காகிதத்தைப் பிரித்து நீவி, அதில் சட்டத்தை எங்கே அறுப்பது, எஞ்சினை எந்த மாதிரி மரக்கட்டையில் உட்கார வைப்பது, தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று படமே போட்டுக் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில், கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி பக்குவமாக வைத்துக்கொண்டார். என் வேலை உத்தரவே அந்தப் பைக்குள் போவதாக எனக்குத் தோன்றியது.

"கை கழுவிட்டு வாம்மா" என்றார் அவர் மனைவி. அப்போதுதான் பார்த்தேன், முழங்கை வரைக்கும் கறுப்பு. பையன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் அவன் என்னைப் பார்த்தது.

அடுத்த வாரம் மண்ணச்சநல்லூரிலிருந்து இரண்டு ஜோடி மாடும் நாலு ஆளும் வந்தார்கள். "ஐயா வண்டியை இழுத்துட்டு வரச் சொன்னாருங்க. வெலை என்னன்னு கேட்டுக் குடுத்துடச் சொன்னாரு."

அப்பா பதறிப்போனார். "சம்பந்தி ஆகப்போறவர்கிட்ட வெலை பேசறதா? என்னங்க இது! நமக்குள்ள என்ன?"

ஒரு பைசா வாங்கவில்லை. அத்தை மட்டும், "நிச்சயம் ஆயிடட்டும்டா" என்று சொல்லிப் பார்த்தார். "பொண்ணு பிடிச்சதாலதானேக்கா சொந்தமா நெனச்சுக் கேக்கறாங்க?" என்றார் அப்பா. அம்மா காருக்குக் குங்குமம் வைத்து ஆரத்தி சுற்றினாள். கயிற்றை அச்சில் எங்கே கட்டினால் முன்சக்கரம் கழன்று விழாது என்று ஆட்களுக்கு எடுத்துச் சொன்னது நான்தான். மாடுகள் இழுக்க, கார் கொள்ளிடம் பாலத்தை நோக்கி ஆடி ஆடிப் போனது. தெருவே வேடிக்கை பார்த்தது. அப்பாவின் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சந்தோஷம், கடைசியில் என் பேச்சுப்படிதானே எல்லாம் நடக்கிறது!

அதற்குப் பிறகு சத்தத்தையே காணோம். டிராயிங் ஆபீஸிலிருந்து, வருகிறாயா இல்லையா என்று கேட்டு எழுதினார்கள். "இதோ, மண்ணச்சநல்லூர் வார்த்தை வந்ததும்" என்றார் அப்பா.

தரகர்தான் வந்தார். கொடுத்த மோரைக் குடிக்காமல் பேசினார்.

"பொண்ணு தங்கமான பொண்ணு, அதுல கொறையே சொல்லலீங்க. ஆனா பையனோட அம்மா யோசிக்கறாங்க. பொறந்த வீட்டுக் காரையே நாலு பேர் முன்னால ஓட்டை, கறையான்னு சொல்ற பொண்ணு, நாளைக்கு நம்ம வீட்டைப் பத்தி வெளியில என்ன சொல்லும்னு பயப்படறாங்க. துறையூர்ல ஒரு எடம் முடிச்சுட்டாங்களாம்."

தரகர் எழுந்தவர், நல்ல சேதியும் ஒன்று இருப்பது நினைவு வந்தவராக என்னைப் பார்த்துச் சிரித்தார். "படம் ரொம்பச் சரியா இருந்துச்சுன்னு முதலாளி சொல்லச் சொன்னாரும்மா. ஒரு திருத்தம் இல்லையாம். மிஷின் சும்மா பிச்சுக்கிட்டு ஓடுதாம்."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "எங்கடா போறே?" என்றார் அத்தை.

"காரைத் திருப்பிக் கேக்கப் போறேன்."

"எந்த முறைல கேப்பே? நிச்சயத் தட்டுன்னா திருப்பிக் கேக்கலாம். காரைத் தட்டுல வெச்சா அனுப்பிச்சே?"

அப்பா சட்டையைக் கழற்றினார். டிராயிங் ஆபீசில் அதற்குள் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு ஒரு வருஷம் வரன் எதுவும் வராததால், சும்மா இருப்பதற்குப் போய் வரட்டும் என்று திருச்சியில் ஒரு கம்பெனியில் டிரேஸராகப் போக விட்டார்கள். மற்றவர்கள் போட்ட படத்தின் மேல் மெழுகுத் துணியை வைத்து அப்படியே நகல் எடுக்கிற வேலை. நானாகப் போட்டு, உருவாகி, ஓடிக்கொண்டிருக்கிற ஒரே படம் மண்ணச்சநல்லூரில் இருக்கிறது.

வீட்டில் இப்போது இது ஒரு வேடிக்கைக் கதை. யாராவது பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிடுவார். "ஆட்டுக்கல்லை எடுத்து உள்ள வைங்கடி. பையனோட அப்பா மாவு மில்லாம்!" அப்பாகூடச் சிரிக்கிறார்.

போன மாதம் ஒரு இடத்திலிருந்து வந்தார்கள். பையனுக்குத் தஞ்சாவூரில் உத்தியோகம்; மனைவி வேலைக்குப் போவது பிடிக்காதாம். அவன் அப்பா பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"சுவர்க் கடிகாரம் நின்னிருக்கே? என்ன கோளாறு?"

கூடம் முழுக்க என் பக்கம் திரும்பியது. ஊசல் தொங்குகிற தகடு வளைந்திருக்கிறது. மூக்குக்கண்ணாடி திருப்புளி ஒன்று இருந்தால் கொஞ்ச நேரத்து வேலை.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்றேன்.

மறுநாளே சொல்லியனுப்பிவிட்டார்கள். பெண் பிடித்திருக்கிறதாம், ரொம்ப அடக்கமாம். தை மாதம் முகூர்த்தம். கேட்ட அன்று அத்தை மட்டும் எதுவும் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

கடிகாரம் இன்னும் ஓடவில்லை. வெளியில் கொடுத்துச் சரிசெய்வதா, எடைக்குப் போடுவதா என்று அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் அதெல்லாம் தெரியாதே.