குளவிக்குக் குண்டு துளைக்காத சட்டை

ஆபத்தான வேலையில் இறங்குகிறவன், முதலில் அது என்ன ஆபத்து என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சின்ன விஷயம் எனக்கு இருபத்திரண்டு வயதில், இரண்டு தொடைகளும் வீங்கிய பிறகுதான் விளங்கியது.

சைகோனில், டோங் டு தெருப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக் கடையில் அப்போது வேலை பார்த்தேன். முதலாளி ஹமீது நானா, என்னைப் போலவே காரைக்கால்காரர். (எங்கள் பக்கம் அண்ணனை நானா என்போம்.) வியட்நாம் சண்டை உச்சத்தில் இருந்த காலம். தெருமுனையில் மணல் மூட்டை, அதற்குப் பின்னால் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். அதையெல்லாம் தாண்டி வந்து துணி எடுத்த பெண்கள், எங்கள் பெயர்ப்பலகைக்கு மேல் குளவி கட்டிய கூட்டைப் பார்த்ததும் திரும்பிப் போனார்கள்.

"யாவாரமே படுத்துடுச்சுப்பா. யாராச்சும் அத எடுங்களேன்" என்றார் நானா.

"நான் எடுக்கிறேன் நானா!" என்றேன். (யாரும் என்னைக் கேட்கவில்லை.)

கடையில் துணி விற்ற லான் அக்கா வியட்நாம்காரி. எங்களோடு பழகித் தமிழ் பேசுவாள். "தம்பி, கொசுவலை போத்து. புகை போடு. போதும்" என்றாள்.

கொசுவலையா? ஊரே குண்டுக்குப் பயந்து கிடக்கும்போது, ஆண்பிள்ளை கொசுவலையைப் போர்த்திக்கொண்டு நிற்பதா? நேராக நடைபாதைக் கள்ளச் சந்தைக்குப் போய், அமெரிக்கப் பட்டாளத்தின் இரும்புத் தொப்பியும் குண்டு துளைக்காத சட்டையும் வாங்கி வந்தேன். சட்டை ஏறக்குறைய என் எடை இருந்தது. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். மேலே ராணுவம், இடுப்புக்குக் கீழே காரைக்கால் கைலி.

"கால்சட்டை போடு தம்பி" என்றாள் லான்.

"குளவி மேலதானே இருக்கு!" என்றேன். (என் அறிவு அவ்வளவுதான்.)

ஏணியில் ஏறி, மூங்கிலால் கூட்டை ஓங்கி ஒரு குத்து விட்டேன். கூடு அசைந்து கொடுத்தது. குளவிகள் வெளியே வந்து, குண்டு துளைக்காத இடங்களை விட்டுவிட்டு மற்ற எல்லா இடங்களையும் கவனித்தன. நாலைந்து கைலிக்குள் புகுந்தன. ஒன்று தொப்பிக்குள் நுழைந்து ஹெலிகாப்டர் போல இரைந்தது. சட்டையைக் கழற்றலாம் என்றால் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. ஏணியிலிருந்து குதித்து, "யா அல்லா!" என்று அலறிக்கொண்டு தெருவில் ஓடினேன்.

இரும்புத் தொப்பியும் ராணுவச் சட்டையுமாக ஒருவன் அலறிக்கொண்டு வந்தால் அந்த ஊரில் என்ன நினைப்பார்கள்? தெரு முழுவதும் கடைக் கதவுகள் சாத்தப்பட்டன. சிக்ளோ என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவை ஓட்டி வந்த ஒருவர் வண்டியை நடுரோட்டில் போட்டுவிட்டுச் சாக்கடையில் படுத்தார். மணல் மூட்டைச் சிப்பாய்கள் துப்பாக்கியை என் நெஞ்சுக்கு நேரே நீட்டி, கையைத் தூக்கச் சொல்லிக் கத்தினார்கள்.

அங்கேதான் சிக்கல். ஓடிய ஓட்டத்தில் கைலி முடிச்சு அவிழ்ந்து, இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். கையைத் தூக்கினால் மானம் போகும். தூக்காவிட்டால் உயிர் போகும். ஒரு நொடி உண்மையிலேயே யோசித்தேன். பிறகு தூக்கினேன்.

(உள்ளே அரைக்கால் சட்டை இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.)

சிப்பாய்கள் திகைத்து நின்றபோது, என் பின்னாலேயே வந்த குளவிகள் அவர்கள் முகத்தில் இறங்கின. இருவரும் துப்பாக்கியைப் போட்டுவிட்டு என்னை முந்திக்கொண்டு ஓடினார்கள். திரும்பிப் பார்த்தால், கடை வாசலில் லான், தலை முதல் கால் வரை கொசுவலையைப் போர்த்திக்கொண்டு, தேங்காய் மட்டைப் புகையைக் காட்டி, கூட்டைச் சாக்கில் இறக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து தெருவில் என் பெயர் "ஓங் துவோங்". ஜெனரல் ஐயா என்று அர்த்தம். காய்கறிக்காரி வரைக்கும் எல்லோரும் எனக்குச் சல்யூட் அடித்தார்கள்.

ஊருக்குத் திரும்பிப் பல வருடம் ஆன பிறகு, காரைக்காலில் என் பேத்தி கல்யாணத்துக்கு சைகோன் கூட்டாளி ஒருவர் வந்தார். பந்தியில் என்னைக் கண்டதும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். பேத்தியின் மாமனாருக்குக் கண்கள் மரியாதையில் விரிந்தன. "மாமா மிலிட்டரியில இருந்தீங்களா? சொல்லவேயில்லையே! எந்தப் பட்டாளம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி பிரியாணிச் சட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்: "தோத்த பட்டாளம்."